வார்டன் அம்மாவும் பதினொரு தட்டுகளும்: திண்டுக்கல், தாடிக்கொம்பு, வத்தலக்குண்டு இரண்டு நாள்

போன ஆவணியில் ஒரு வியாழனும் வெள்ளியும் திண்டுக்கல் பக்கம் போய்வந்தேன். ஒரு பூட்டு வாங்கத்தான் போனேன். வீட்டில் கிடக்கும் சீப்பு, கரண்டி, கிளிப், கொட்டாங்கச்சி இவற்றை வைத்துப் பொம்மை செய்கிறவர்கள் சிலர் இந்த வலைப்பூவைப் படிக்கிறீர்கள். எந்த ஊரில் என்ன கிடைக்கும் என்று கேட்டுப் பின்னூட்டம் போடுகிறீர்கள். உங்களுக்காக நேரம், தூரம், செலவு எல்லாம் குறித்து வைத்தேன். குறிப்புகளோடு வேறு சிலதும் ஒட்டிக்கொண்டன. அவற்றை எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன், பஸ் நேர அட்டவணை மாதிரி இருந்தது. அதனால் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பூட்டு ஏன் என்று முதலில் சொல்ல வேண்டும். திருச்சியில் கல்லூரி முதல் வருடம், விடுதி. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். விடுதிக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று சொல்ல எங்கள் பக்கம் யாருமில்லை. பாய், தலையணை, வாளி கொண்டுபோனேன், பூட்டு கொண்டுபோகவில்லை. அறைத்தோழி ஹேமா வத்தலக்குண்டுக்காரி, தென்னந்தோப்பு உள்ள வீடு. அவள் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு ஒன்று வைத்திருந்தாள். பெயருக்கேற்ற மாங்காய் வடிவம், நல்ல கனம். இரண்டாவது வாரமே நான் சாவியைத் தொலைத்தேன். வார்டன் ஆள் வைத்துப் பூட்டை அறுத்தார், பிறகு அரை மணி நேரம் திட்டினார். நான் பேசாமல் நின்றேன். அது எனக்கு நன்றாக வரும்.

அன்று சாயங்காலம் அந்தப் பூட்டில் இரண்டு சட்டைப் பொத்தான்களைக் கண்ணாக ஒட்டினேன். ஹேர்பின்னை வளைத்து மூக்குக் கண்ணாடி. மேல் வளையத்தில் கறுப்பு நூல் சுற்றியதும் கோணலான ஒரு கொண்டை வந்தது. சாவித் துவாரம் தானாகவே திட்டுகிற வாய் ஆனது. ஹேமா பார்த்தாள், கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தாள். அதுவரை நாங்கள் இருவரும் சரியாகப் பேசிக்கொண்டதுகூட இல்லை. பொம்மைக்கு வார்டன் அம்மா என்றே பெயர் வைத்தோம். மூன்று வருடம் எங்கள் ஜன்னலில் இருந்தாள். விடுதியைக் காலி செய்த அவசரத்தில் எங்கோ தொலைந்தாள்.

ஆடி மாதம் ஹேமா போன் செய்தாள். வத்தலக்குண்டு மண்டபத்தில் நிச்சயதார்த்தம், பெண் வீட்டுச் சீர்த் தட்டு பதினொன்று. "நீதாண்டி செய்யணும், குச்சி. கடைக்காரங்க அன்னமும் மயிலுமா வைக்கிறாங்க, போரடிக்குது. நம்ம காலேஜ் ஆளுக எல்லாரும் பொம்மையா வரணும். வார்டன் அம்மா வரலன்னா நானே மேடைக்கு வர மாட்டேன்." குச்சி என்பது நான்தான். பையில் எப்போதும் நாலு குச்சி வைத்திருப்பேன் என்பதால் அவள் வைத்த பெயர். வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

இனி பயணம். வியாழன் காலை 6.10க்குத் திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் ஏறினேன். நூறு கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் 95 ரூபாய். 8.25க்குத் திண்டுக்கல். பேருந்து நிலையத்து இட்லி வேண்டாம். வெளியே நூறடி நடந்தால் நன்றாகவே கிடைக்கிறது, நாலு இட்லி 40 ரூபாய்.

முதலில் வெங்காயக் கடைகளுக்குப் போங்கள். சின்ன வெங்காயம் புடைக்கிற இடத்தில் தோல் மலைபோலக் குவிந்து கிடக்கும். இளஞ்சிவப்பு, செம்பு நிறம், சில நேரம் ஊதா. பறவை இறகுக்கு இதைவிட நல்ல பொருள் கிடையாது, காசும் கிடையாது. நான் ஒரு கட்டைப்பை நிறைய அள்ளினேன். வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எதுக்குத்தா, மாட்டுக்கா?"

"இல்லக்கா, கிளி செய்ய."

அவர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார். "ஏ, கேட்டியா? இந்தப் புள்ள தோல்ல கிளி செய்யுதாம். நாம இருபது வருசம் புடைச்ச தோலுக்கு ஒரு யானைக் கூட்டமே செஞ்சிருக்கலாம்."

"செஞ்சு? அதுக்கும் நீதான் தீனி போடணும்," என்றார் மற்றவர், கையை நிறுத்தாமல்.

அங்கிருந்து பேகம்பூருக்கு ஷேர் ஆட்டோ, 15 ரூபாய். பதனிட்ட ஆட்டுத்தோல், மாட்டுத்தோல் துண்டுகள் இங்கே கிடைக்கும். ஒரு கிலோ பை 50 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு சந்துக்குள் சிறிய பூட்டுப் பட்டறை இருக்கிறது என்று ஆட்டோக்காரர் காட்டினார். வாசலில் போனைப் பார்ப்பதுபோல் பத்து நிமிடம் நின்றேன். உள்ளே அரம் வைத்து ராவிக்கொண்டிருந்த பாய், முப்பத்தைந்து வயது இருக்கும், அவரே கேட்டுவிட்டார்.

"என்னம்மா, சிக்னல் கிடைக்கலையா?"

"மாங்காய்ப் பூட்டு வேணும்ணே. உடைஞ்சது, ஓடாதது இருந்தாலும் போதும்."

"பூட்டு செய்யுறவன்கிட்டயே வந்து ஓடாதது கேக்குற. நல்லாருக்கு வியாபாரம்." சொல்லிவிட்டு ஒரு தகர டின்னைத் தரையில் கவிழ்த்தார்.

பத்துப் பன்னிரண்டு பூட்டுகள் உருண்டன. ஒன்றைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. வளையம் சற்றே இடப்பக்கம் சாய்ந்து, தலையைச் சரித்துக்கொண்டு 'ஏன் லேட்' என்று கேட்கிற அதே வார்டன். எடுத்தேன்.

"அது வேணாம்மா. உள்ள லீவர் சிக்கியிருக்கு. பூட்டுனது பூட்டுனதுதான், திறக்காது."

"பொம்மைக்குத்தாண்ணே. நிச்சயத் தட்டுல வைக்க."

பாய் அரத்தைக் கீழே வைத்தார். "விசேஷத்துக்கா? அப்ப நல்லதா எடுத்துக்க. எங்க ஊர்ல விசேஷ வீட்டுக்குப் பூட்டு குடுத்தா, திறந்து சாவியச் சொருகித்தான் குடுப்பாங்க. பூட்டிக் குடுக்க மாட்டாங்க."

புதுப் பூட்டு 280 ரூபாய். பளபளவென்று நேராக இருந்தது. முகம் வரவில்லை. அங்கேயே நின்று ஹேமாவுக்குப் போன் போட்டு, பாய் சொன்னதை அப்படியே சொன்னேன். "அய்யோ, அது பூட்டாடி? வார்டன் அம்மாடி. யாரு வந்து திறந்து பாக்கப் போறா? கொண்டை கோணலா இருக்குல்ல, அதான் வேணும். கொண்டா," என்றாள்.

பாய் தோளைக் குலுக்கினார். "உங்க இஷ்டம். செத்த நேரம் இருந்தீன்னா தொழுதுட்டு வந்து கழட்டிப் பாத்துத் தாரேன்."

"பஸ்ஸுக்கு நேரமாச்சுண்ணே," என்றேன். பன்னிரண்டே முக்கால் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒன்றேகாலுக்கு. அரை மணி நேரம்தான். பூட்டும் இரண்டு சாவிகளும் சேர்த்து 60 ரூபாய் கொடுத்து வந்துவிட்டேன். இந்தப் பயணத்தில் நான் செய்த தவறு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், இதைத்தான் சொல்வேன். மற்றவை நான் செய்தவை அல்ல.

தாடிக்கொம்பு ஒன்பது கிலோமீட்டர், டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அங்கே என் சித்தி இருக்கிறார். பெருமாள் கோயில் சிற்பங்களைப் பற்றி எழுதச் சொல்லி ஒருவர் கேட்டிருந்தீர்கள். மன்னிக்கவும், போகவில்லை. இரண்டு மணிக்குத் தரையில் உட்கார்ந்தவள் எழுந்தபோது எட்டு மணி.

என்ன செய்தேன் என்று சொல்கிறேன், உதவும். வெங்காயத் தோலில் நாலு கிளிகள், வெற்றிலைத் தட்டுக்கு. நாலு எவர்சில்வர் கரண்டிகளை வாலோடு வால் கட்டி மீன்கள். எங்கள் மெஸ்ஸில் வைத்த, மீனே இல்லாத மீன் குழம்பின் நினைவாக, மஞ்சள் தட்டில் மிதக்க. துணி கிளிப்புகளில் தோல் ஒட்டி முதலைக் குடும்பம், கணக்குத் துறை ஆசிரியர்கள். கொட்டாங்கச்சித் தொப்பி போட்ட பஸ் கண்டக்டர், கையில் சீப்பு டிக்கெட் கட்டு. பேரீச்சம்பழத் தட்டுக்கு ஓர் ஒட்டகம். ஒட்டகம் ஹேமாதான், நெட்டையாக இருப்பாள், எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருப்பாள்.

"ஏண்டி, கட்டுப் பிரிக்காத விளக்கமாறு வச்சிருந்தேனே, எங்க?" என்று சித்தி வந்தார்.

"ஒட்டகத்துக்குக் கால் வேணும்ல சித்தி. நாலு குச்சிதான் உருவினேன்."

"நாலு காலுக்கு நாலு குச்சி, கணக்கு சரிதான். ஆனா போற எடத்துல விளக்கமாறுன்னு வாயத் திறந்துராத. தென்னை ஈர்க்குன்னு சொல்லு. பெரிய வீட்டு விசேஷம்." பிறகு வார்டன் அம்மாவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். சாவிகள் இரண்டும் கால்களாக நின்றன. "இவ யாரு, என் மாமியா மாதிரியே முறைக்குறா?"

வெள்ளி காலை 6.15க்கு தாடிக்கொம்பில் ஏறி, திண்டுக்கல்லில் 7.20க்கு வத்தலக்குண்டு பஸ். செம்பட்டி வழி, 35 கிலோமீட்டர், ஒரு மணி நேரம், 32 ரூபாய். மடியில் ஒன்றும் காலடியில் ஒன்றுமாக இரண்டு அட்டைப் பெட்டிகள். கண்டக்டர் மூடியைத் தூக்கிப் பார்த்தார், அவருடைய பொம்மை அவரைப் பார்த்தது.

"இது யாரும்மா?"

"கண்டக்டர்ண்ணே."

"சில்லறை குடுப்பானா?"

"மாட்டாருண்ணே."

"அப்ப நம்ம ஆளுதான். ஏறட்டும், லக்கேஜ் வேணாம்." பஸ்ஸில் பத்துப் பேர் எட்டிப் பார்த்தார்கள். யாரும் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று எப்போதும் நினைப்பவள் நான். அன்று நினைக்கவில்லை. கூட வேலை பார்க்கும் அக்காவிடம் இரவல் வாங்கிய பட்டுச்சேலை கட்டியிருந்தேன். மேடைக்குப் பக்கத்தில் தோழியாக நிற்கப் போகிறேன் என்று ஊசி குத்திக் குத்திக் கட்டிய சேலை.

மண்டபம் பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவில் 60 ரூபாய். வாசலில் ஹேமாவின் அம்மா நின்றிருந்தார். அன்றுதான் அவரை முதலில் பார்க்கிறேன். பெட்டிகளைப் பார்த்து, "தட்டு டெக்கரேஷனா? முன்னாடி மேளக்காரக இருக்காக, பின்வாசல் வழியா வந்துரும்மா," என்றார். ஹேமா இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனேன்.

மணப்பெண் அறையில் ஹேமா என்னைக் கட்டிக்கொள்ள வந்தாள், ஒப்பனைப் பெண் தடுத்துவிட்டார். பெட்டியைத் திறந்தேன். ஒட்டகத்தைப் பார்த்து, "இது நானா?" என்றாள். வார்டன் அம்மாவைக் கையில் வாங்கியதும் பழையபடி சிரித்தாள், கண்ணில் நீர் வர, சத்தமில்லாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "மேடம், சிரிக்காதீங்க, மேக்கப் வெடிக்குது," என்று அந்தப் பெண் கெஞ்சினார். "குச்சி, இவளை முதல் தட்டுல வை," என்றாள் ஹேமா. "இவ முன்னாடி போனாத்தான் எனக்குத் தைரியம்."

முதல் தட்டில் வைத்தேன். சுற்றிலும் மல்லிகை, கற்கண்டு.

10.40க்குத் தட்டுகள் மேடைக்கு வந்தன. மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் முதலையைப் பிடித்து இழுத்தார்கள். பெரியவர்களும் குனிந்து பார்த்துச் சிரித்தார்கள். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா வார்டன் அம்மாவைக் கையில் எடுத்தார். முகத்தைப் பார்த்து அவருக்கும் சிரிப்பு வந்தது, நான் பார்த்தேன். பிறகு காலாக இருந்த ஒரு சாவியை உருவி, வாயில் போட்டுத் திருப்பினார். திரும்பவில்லை. மற்ற சாவியையும் போட்டுப் பார்த்தார்.

"பூட்டியிருக்கே," என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. "ஏன் சம்பந்தி, உங்க பக்கம் பூட்டித்தான் குடுப்பீகளா?"

ஹேமாவின் அம்மாவுக்கு முகம் வெளுத்தது. அவர் ஹேமாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'என் பிரெண்டு செஞ்சது அத்தே, நான்தான் கேட்டேன்.' அவ்வளவுதான்.

"தட்டு டெக்கரேஷனுக்கு வந்த பொண்ணு அத்தே," என்றாள் ஹேமா. "விவரம் தெரியாம வச்சிருச்சு."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஹேமா மட்டும் தன் வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "யாரு, இந்தப் பிள்ளையா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். "தெரியாம வச்சுட்டேங்க," என்றேன். வார்டன் முன் நின்றபோது வராத குரல் இதற்கு மட்டும் எப்படி உடனே வந்தது என்று தெரியவில்லை. "பொம்மை நல்லாத்தான் இருக்கு தாயி. பூட்டுனது மட்டும் வேணாம், எடுத்துரு," என்று என் கையில் கொடுத்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கோபிக்கவில்லை, திட்டவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் இன்னொரு முறைகூடச் சிரித்திருப்பார். முதல் தட்டில் ஆப்பிள் அடுக்கினார்கள்.

சாப்பாடு மாடியில். படியேறப் போனபோது ஹேமாவின் அம்மா கையைக் காட்டினார். "வேலைக்கு வந்தவகளுக்குக் கீழ பின்கட்டுல இலை போட்டிருக்கும்மா." போய் உட்கார்ந்தேன். வலப்பக்கம் மேளக்காரர்கள், இடப்பக்கம் நிலக்கோட்டையிலிருந்து பூக்கட்ட வந்த அக்கா.

"மேல ஏழு வெஞ்சனமாம், நமக்கு மூணு," என்றார் அவர். "அப்பளத்த ரெண்டா ஒடிச்சு நாலுன்னு வச்சுக்க." பிறகு என் சேலையைப் பார்த்தார். "நீ தட்டுக்காரியா? நான் பொண்ணு வீட்டு ஆளுன்னுல்ல நெனச்சேன்."

அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் அப்பா டிராக்டர் ஓட்டுகிறவர். வேலைக்குப் போகிற வீடுகளின் விசேஷங்களில் இதே மாதிரி பின்கட்டுப் பந்தியில்தான் சாப்பிடுவார். வந்து சாம்பாரைப் பற்றி நல்லபடியாகச் சொல்வார். நான் படித்தால் மாடிக்குப் போவேன் என்று அவர் நினைத்தார். நானும் நினைத்திருந்தேன். மூன்று வருடம் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவளுக்கு, ஒரு நொடியில் என்னை எந்தப் பந்திக்கு அனுப்ப வேண்டும் என்று யோசிக்காமலே தெரிந்திருந்ததே, அதுதான் குறை. எழுந்து கை கழுவிவிட்டுப் பின்வாசல் வழியாகவே வெளியே வந்தேன்.

வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் 1.50க்கு வாட்ஸ்அப் வந்தது. "சாரிடி. அந்த நேரத்துல வேற என்ன சொல்றதுன்னு தெரியல. அத்தை முன்னாடி நான் விளையாட்டுத்தனமா தெரியக்கூடாதுல்ல. நீ தப்பா எடுத்துக்க மாட்டன்னு தெரியும். பை த வே எல்லாருக்கும் தட்டு ரொம்பப் பிடிச்சிருச்சு. கல்யாணத்துக்கு 21 வேணும்னு அம்மா கேக்குறாங்க. உன் ரேட் என்ன?"

கொடைக்கானல் பஸ்ஸுக்குக் கூட்டம் அலைமோதியது. எதிர்ப்பக்கம் நின்ற திண்டுக்கல் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது.

3.15க்குப் பேகம்பூரில் பாய் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். பையிலிருந்து வார்டன் அம்மாவை எடுத்தேன். ஏன் அங்கே போனேன் என்று எனக்கே தெரியாது. பாய் பொத்தான் கண்களைப் பார்த்து ஒரு நிமிடம் சிரித்தார். பிறகு துவாரத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, மரச்சுத்தியால் பக்கவாட்டில் மூன்று தட்டு தட்டி, சாவியைப் போட்டுத் திருப்பினார். டக்கென்று திறந்தது. கொண்டை அவிழ்ந்து ஒரு பக்கமாகத் தொங்கியது.

"அம்புட்டுத்தான்," என்றார். "நேத்து இருந்திருந்தீன்னா முடிஞ்சிருக்கும். என்ன, அவங்களுக்குப் பிடிக்கலையா?"

"பிடிச்சுதுண்ணே," என்றேன். காசு வாங்க மறுத்துவிட்டார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். வெங்காயத் தோலைக் காலையில் பத்து மணிக்குள் எடுங்கள், அப்புறம் கூட்டிவிடுகிறார்கள். துணிப்பையில் எடுங்கள், பிளாஸ்டிக் பையில் வியர்த்து நிறம் போய்விடும். பூட்டுப் பட்டறைகளில் மதியத் தொழுகை நேரத்தைத் தவிர்த்துவிட்டு, இரண்டு மணிக்கு மேல் சாவகாசமாகப் போங்கள். விசேஷத்துக்கு என்றால் திறக்கிற பூட்டு வாங்குங்கள், 280 ரூபாய் பெரிய காசில்லை. பொம்மைகளைப் பஸ்ஸில் கொண்டுபோக அட்டைப் பெட்டிக்குள் பழைய துணி திணியுங்கள். ஒட்டகத்துக்கு ஒரு கால் கழன்றது, மற்றவை தாங்கின. இரண்டு நாளில் சாப்பாடும் திரும்பி வந்த டிக்கெட்டும் சேர்த்து எனக்கு 640 ரூபாய் ஆனது. இன்னொன்று. யாருக்காகச் செய்கிறீர்களோ அவர்கள் உங்களை என்னவென்று சொல்லி அறிமுகப்படுத்துவார்கள் என்பதை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். நான் கேட்கவில்லை.

மூன்று நாள் கழித்து ஹேமாவுக்குப் பதில் போட்டேன். தட்டு ஒன்றுக்கு 350 ரூபாய், பஸ் செலவு தனி, அன்னமும் மயிலும் மட்டும். "ஓகேடி, சூப்பர்" என்று உடனே வந்தது. கல்யாணம் தை மாதம் என்று ஸ்டேட்டஸில் பார்த்தேன். பத்திரிகை எனக்கு இதுவரை வரவில்லை. தட்டு மட்டும் இருபத்தொன்றிலிருந்து இருபத்தைந்து ஆகியிருக்கிறது.